முதல் ஆட்டத்தில் தோற்றவர் இரண்டு மணி நேரமும் ஆட வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடிச் சுவர் சூழ்ந்த களத்தில் டென்னிஸ் மாதிரி இரண்டு ஜோடிகள் மட்டையால் ஆடும் பேடல் ஆட்டத்துக்குச் சென்னையில் களங்கள் பெருகி வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடிச் சுவர், மட்டையின் விலை, மணிக்கணக்கு வாடகை எல்லாம் அதில் இருந்தன. வார இறுதிகளில் நடக்கும் நட்புமுறைப் போட்டிகளைப் பற்றி மட்டும் ஒரே வரி: யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று. கலந்துகொள்ளலாம், சரி. கலந்துகொண்டவர்கள் எத்தனை ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள்? இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும், விஷயம் அப்படிப்பட்டது.

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வளையப்பந்து, பூப்பந்து, கோ-கோ, எறிபந்து என்று பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளைக் குறுவட்டப் போட்டிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, தயிர்சாதப் பொட்டலத்தோடு இரண்டு பேருந்து மாறி வந்து, நாக் அவுட்டில் இருபது நிமிடத்தில் தோற்று, மிச்ச நாள் முழுக்க மர நிழலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அங்கே வேறு வழி இருக்கவில்லை. ஒரே மைதானம், இருபது பள்ளிகள், மாலைக்குள் ஒரு வெற்றியாளர் பெயரை மேலே அனுப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொந்தக் காசு கொடுத்து ஆட வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பேடல் போட்டி என்றதும் நடத்துகிறவர்கள் கை நேராக நாக் அவுட் அட்டவணைக்குத்தான் போகிறது.

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் என் மகள்தான் என்னை முதலில் பேடல் களத்துக்கு அழைத்துப் போனாள். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் சர்வீஸ் போட வேண்டும் என்பதால் என் வயதுக்காரர்களின் தோளுக்கு வலி இல்லை. களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நான்கு பேர் நின்றால் ஓட வேண்டிய தூரம் குறைவு. நம்மைத் தாண்டிப் போன பந்து பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும், அதை எடுத்து ஆடலாம். தவறவிட்டோம் என்று நினைத்த பந்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கும் விளையாட்டு இது. அதனால்தான் அறுபது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே களத்தில் நிற்க முடிகிறது. 1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கொர்குவேரா என்பவர் தன் வீட்டிலேயே சுவர் எழுப்பி, நண்பர்களோடு ஆடிய ஆட்டம்தான் இது. அவர் நண்பர் ஒருவர் 1974இல் ஸ்பெயினின் மார்பெய்யாவுக்குக் கொண்டுபோனார். சர்வதேசக் கூட்டமைப்பு வந்தது 1991இல்தான். இருபது வருடத்துக்கும் மேல் இது வீட்டிலும் கிளப்பிலும் நண்பர்களோடு ஆடும் ஆட்டமாகவே வளர்ந்திருக்கிறது.

சமீபத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நகரத்தில் ஓரிடத்தில், எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை, "புதியவர்களுக்கும் வாய்ப்பு" என்று அறிவித்து ஒரு போட்டி நடந்தது. பதினாறு பேர், எட்டு ஜோடி, நான்கு களம், இரண்டு மணி நேரம். எல்லாரிடமும் ஒரே கட்டணம். ஓர் அம்மாவும் கல்லூரி படிக்கும் மகளும் ஜோடியாக வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் டென்னிஸில் தேர்ந்த இரண்டு இளைஞர்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் களம் காலியாக, விளக்கு எரிந்தபடி இருந்தது. "அங்கே சும்மா கொஞ்ச நேரம் ஆடட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். போட்டி நடக்கிறது, கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பந்தியில் உட்கார வைத்து இலை போட்டு, கூட்டு மட்டும் வைத்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்க்காததுதான் காரணம். கணக்கு சின்னதுதான். நான்கு களம், இரண்டு மணி நேரம், ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 12 ஆட்டத்துக்கு இடம் இருக்கிறது. எட்டு ஜோடி நாக் அவுட்டில் நடப்பதோ 7 ஆட்டம்தான்: முதல் சுற்றில் 4, அரையிறுதி 2, இறுதி 1. ஐந்து ஆட்டத்துக்கான களம் வாடகை கொடுத்தும் காலியாகக் கிடக்கிறது. பதினாறு பேரில் எட்டுப் பேர் 40 நிமிடம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரமும் ஆடியவர்கள் நான்கே பேர். அந்த நான்கு பேரும் பெரும்பாலும் வாரம் முழுக்க ஆடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அதிகம் ஆட வேண்டியவர்கள் புதியவர்கள். அவர்களுடைய கட்டணத்தில் அதிகம் ஆடுவது தேர்ந்தவர்கள். இதை நட்புமுறைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவிலும் வளைகுடா நாடுகளிலும் பேடல் ஆடுகிறவர்கள் இதற்கு வெகு நாளாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கானோ என்று பெயர். நிரந்தர ஜோடி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் ஜோடி மாறுவார். ஜோடி மாறினாலும் புள்ளி உங்கள் பெயரில் சேரும். டென்னிஸ் மாதிரி பதினைந்து, முப்பது என்று எண்ணாமல் ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 24 புள்ளி என்று வைத்துக்கொள்வார்கள். 16, 32 என்றும் வைப்பதுண்டு. நம் ஜோடி 15, எதிர் ஜோடி 9 என்று முடிந்தால், வென்ற இருவர் கணக்கிலும் ஆளுக்கு 15, தோற்ற இருவர் கணக்கிலும் ஆளுக்கு 9. சர்வீஸை நான்கு பேரும் சரிசமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 24 புள்ளி என்றால் ஆளுக்கு ஆறு. மூன்று மூன்றாக இரண்டு முறை போட்டால் முடிந்துவிடும்.

ஒன்பது என்ற அந்த எண் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாக் அவுட்டில் அது வெறும் தோல்வி. இங்கே அது சேமிப்பு. 18க்கு 4 என்று பின்தங்கி நிற்கும்போதும் மிச்சமிருக்கும் இரண்டு புள்ளிக்காக ஒருவர் பின்சுவர் வரை ஓடுவார், ஏனென்றால் அந்த இரண்டும் கடைசி வரைக்கும் அவரோடு வரும். எங்கள் குடியிருப்புக்காரர்களுக்காக நான் நடத்தும் போட்டியில், தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா மூன்றாவது இடத்துக்கு வந்தார். அவர் ஜெயித்த ஆட்டங்கள் குறைவு. ஆனால் எதிலுமே பத்துக்குக் கீழே இறங்கவில்லை. அவர் ஓங்கி அடிப்பதே இல்லை; பந்தை உயரத் தூக்கி எதிராளியின் தலைக்கு மேலே பின்சுவர்ப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருப்பார். நாக் அவுட்டாக இருந்திருந்தால் அவர் முதல் சுற்றிலேயே போயிருப்பார், அவருக்கு இப்படி ஒரு திறமை இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

அட்டவணை போடுவதுதான் கஷ்டம் என்று பலர் பின்வாங்குகிறார்கள். கைபேசியில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. பேப்பரும் பேனாவுமே போதும் என்கிறேன் நான். எட்டுப் பேர், இரண்டு களம் என்பதற்கான ஃபிக்சரை இங்கேயே தருகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியை வெட்டாமல் அச்சிடுங்கள்.

சீட்டு எடுத்து ஆளுக்கு 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுங்கள். முதல் சுற்றில், முதல் களத்தில் 8ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் ஜோடி. எதிரே 4, 5. இரண்டாவது களத்தில் 1, 3 ஜோடி. எதிரே 2, 6. அடுத்த சுற்றுக்கு 8ஐ அப்படியே விட்டுவிட்டு மற்ற எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 7க்கு அடுத்து மறுபடியும் 1. அதாவது இரண்டாம் சுற்றில் 8, 1 ஜோடிக்கு எதிரே 5, 6. மற்றக் களத்தில் 2, 4 ஜோடிக்கு எதிரே 3, 7. மூன்றாம் சுற்றில் 8, 2 ஜோடிக்கு எதிரே 6, 7. மற்றக் களத்தில் 3, 5 ஜோடிக்கு எதிரே 4, 1. இப்படியே ஏழு சுற்று. ஏழு முடியும்போது ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒருமுறை ஜோடி சேர்ந்திருப்பார்கள், ஏழு பேரையும் இரண்டு இரண்டு முறை எதிர்த்து ஆடியிருப்பார்கள். ஒருவர்கூட விடுபட மாட்டார். யாருக்கும் கூடுதலாக ஒரு ஆட்டம் போகாது. சந்தேகம் இருப்பவர்கள் எழுதிப் பார்க்கலாம்.

நேரமும் கச்சிதமாக அடங்கும். 24 புள்ளி ஆட்டம் ஏறக்குறைய 12 நிமிடம். தண்ணீர் குடித்து, களம் மாறி, புள்ளியைச் சொல்ல 3 நிமிடம். ஏழு சுற்றுக்கு 105 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மிச்சமுள்ள கால் மணி ஆரம்பத்தில் உடம்பைச் சூடேற்றுவதற்கு. பதினாறு பேர் வந்தால் இரண்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வோர் எட்டுக்கும் இரண்டு களம் கொடுங்கள். நான் மேலே சொன்ன அதே நான்கு களம், அதே இரண்டு மணி நேரம். நாக் அவுட்டில் பாதிப் பேர் 40 நிமிடம் ஆடினார்கள்; இதில் பதினாறு பேரும் ஏழு ஆட்டம் ஆடுவார்கள். பதினாறு பேரையும் ஒரே அமெரிக்கானோவில் போடாதீர்கள். எல்லாரோடும் ஜோடி சேர 15 சுற்று வேண்டும், நான்கு மணி நேரம் ஆகும். சித்திரை வெயிலில், கண்ணாடி சுற்றி நின்று காற்றை மறிக்கும் களத்தில், அது உடம்புக்கு ஆகாது.

நம் ஊருக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளிக் களத்தில் எந்த நிமிடமும் ஆட்டம் நிற்கலாம். கண்ணாடி நனைந்துவிட்டால் பந்து சுவரில் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, தரையில் காலும் நிற்பதில்லை. நாக் அவுட்டில் அரையிறுதியோடு மழை வந்தால் போட்டிக்கு முடிவே இல்லை. அமெரிக்கானோவில் நான்காம் சுற்றோடு நின்றாலும் அதுவரை எல்லாரும் நான்கு ஆட்டம் ஆடியிருப்பார்கள், கூட்டல் கணக்கு கையில் இருக்கும், அப்படியே பரிசு கொடுத்துவிடலாம்.

அப்புறம் வராதவர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு சோழிங்கநல்லூர் சிக்னலில் மாட்டிக்கொண்டு ஒருவர் வராமல் போவது வாராவாரம் நடக்கிறது. நிரந்தர ஜோடியென்றால் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து கெடுவார். எட்டில் ஒருவர் குறைந்து ஏழானால் ஒரு களம் அப்படியே முடங்கும். அதனால் இரண்டு களம் எடுத்திருந்தால் ஒன்பது பேரை அழையுங்கள் என்பேன். ஒன்பது பேருக்கும் சரியான அட்டவணை உண்டு: ஒன்பது சுற்று, சுற்றுக்கு ஒருவர் ஓய்வு, ஆளுக்கு எட்டு ஆட்டம், எட்டிலும் வேறு வேறு ஜோடி. ஓய்வில் இருப்பவர் புள்ளி எழுதலாம். ஒருவர் வராவிட்டால் எட்டுப் பேர் அட்டவணைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே களம் என்றால் ஐந்து பேர், ஐந்து சுற்று. இதுவும் அதே மாதிரி சரியாக விழும். ஆறு, ஏழு, பத்துப் பேருக்கு இப்படிச் சமமாக விழாது. யாராவது இருவர் ஜோடி சேராமலே போவார்கள், அல்லது ஒரே ஜோடி இரண்டு முறை வரும். போட்டியை நடத்துகிறவர் தானும் மட்டையோடு வந்து, எண்ணிக்கை குறைந்தால் உள்ளே இறங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

புள்ளிக்குப் பதிலாக விசில் அடித்து, பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாக் களமும் ஒரே நேரத்தில் முடியும் என்பது அதில் வசதிதான். ஆனால் முன்னிலையில் இருக்கும் ஜோடி பந்தை எடுக்க மெதுவாக நடக்க ஆரம்பித்துவிடும். நட்பு கெடுவது அந்த நடையில்தான். 24 புள்ளி என்று வைத்துவிட்டால் அந்த ஆசைக்கு இடமில்லை.

அமெரிக்கானோவிலும் குறை உண்டு. திறமையில் பெரிய இடைவெளி இருந்தால் 21க்கு 3 என்று ஆட்டங்கள் முடியும். ஜெயித்தவருக்கும் அதில் சுகமில்லை. இதற்குத்தான் மெக்சிகானோ என்ற இன்னொரு முறை. முதல் சுற்று சீட்டு எடுத்துப் போடுவது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதுவரை சேர்ந்த புள்ளிப்படி வரிசைப்படுத்தி, முதல் நான்கு பேரை ஒரு களத்திலும் அடுத்த நான்கு பேரை அடுத்த களத்திலும் விடுவார்கள். நால்வரில் முதலாமவரும் நான்காமவரும் ஒரு பக்கம், இரண்டாமவரும் மூன்றாமவரும் எதிர்ப்பக்கம். மூன்றாம் சுற்றுக்குள் அவரவர் தரத்துக்கு ஏற்ற ஆட்கள் எதிரே வந்துவிடுகிறார்கள், ஆட்டங்கள் 13-11 என்று முடியத் தொடங்குகின்றன. பன்னிரண்டு பேருக்கு மேல் வந்து, தரம் கலந்து இருந்தால் நான் இதையே எடுப்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் போட ஒருவர் வேண்டும், அல்லது செயலி வேண்டும். அந்த அளவுக்கு வேலை கூடுதல். முகம் தெரியாதவர்கள் பழகுவதற்காக நடத்தும் போட்டிக்கு இது அவ்வளவு பொருந்தாது. மேலே இருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருப்பார்கள், கீழே இருப்பவர்களை அவர்கள் சந்திக்கவே மாட்டார்கள்.

ஜெயித்தவர் ஒரு களம் மேலே, தோற்றவர் ஒரு களம் கீழே என்று நகரும் முறையும் உண்டு. வாரநாள் பயிற்சிக்கு நல்லது. புதியவர்கள் வரும் போட்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கடைசிக் களத்தில் நிற்பவர் கடைசி என்பது கண்ணாடி வழியாக எல்லாருக்கும் தெரியும், அங்கிருந்து மேலே வருவதும் லேசில்லை.

கணவன் மனைவி, அக்கா தங்கை, அலுவலக நண்பர்கள் என்று ஜோடியாகவே ஆட விரும்புகிறவர்களையும் நான் மறக்கவில்லை. பேடல் ஜோடி ஆட்டம். சுவருக்குப் போகும் பந்தை யார் எடுப்பது, வலைக்கு எப்போது சேர்ந்து முன்னேறுவது என்பதெல்லாம் ஒரே ஆளோடு ஆடி ஆடித்தான் வரும். அவர்களைக் கட்டாயப்படுத்திப் பிரிக்க வேண்டியதில்லை. எட்டு ஜோடியை நான்கு நான்காக இரண்டு பிரிவாக்கி லீக் வையுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று ஆட்டம். நான்காவதாக, இரண்டு பிரிவிலும் முதலிடம் பிடித்தவர்கள் தங்களுக்குள், இரண்டாமிடத்தார் தங்களுக்குள், மூன்றாமிடத்தார் தங்களுக்குள், கடைசி இடத்தார் தங்களுக்குள். மொத்தம் 16 ஆட்டம். நான்கு களத்தில் நான்கு சுற்று. ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இறுதி ஆட்டம் நடக்கும்போது ஏழாம் இடத்துக்கான ஆட்டமும் பக்கத்துக் களத்தில் நடக்கும். அந்த ஏழாம் இடத்து ஆட்டத்தில் கேட்கும் கூச்சலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், பள்ளி மைதானத்திலும் சரி, இங்கேயும் சரி. முதல் முறையாகத் தங்கள் தரத்துக்காரர்களோடு ஆடுகிறவர்களின் கூச்சல் அது.

ஆண்களும் பெண்களும் சமமாக வந்தால் கலப்பு அமெரிக்கானோ வைக்கலாம். நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் என்றால் நான்கே சுற்றில் ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வோர் ஆணோடும் ஜோடி சேர்ந்துவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்: ஜோடியின் பந்தைப் பாய்ந்து எடுக்கக் கூடாது, எதிரே நிற்கும் புதியவரின் உடம்பைக் குறிவைத்து ஓங்கி அடிக்கக் கூடாது. பெண்கள் ஒருமுறை வந்துவிட்டு மறுமுறை வராமல் போவதற்கு நான் கேட்ட காரணங்களில் முதலாவது இதுதான். இடப்பக்கம் ஆடுவது யார், வலப்பக்கம் யார் என்பதையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் இருவரும் பேசி முடிவெடுக்கட்டும். புதியவரை எப்போதும் வலப்பக்கமே நிறுத்துகிற வழக்கம் இருக்கிறது. ஏழு ஆட்டத்தில் மூன்றிலாவது அவர் இடப்பக்கம் நிற்கட்டும்.

தரம் பிரிப்பதற்கு விண்ணப்பத்தில் "தொடக்க நிலையா, இடைநிலையா" என்று கேட்பதில் பயனில்லை. அடக்கமானவர் தொடக்க நிலை என்று எழுதுவார், மற்றவர் வேறு மாதிரி எழுதுவார். பேடல் ஆடத் தொடங்கி எத்தனை மாதம், இதற்கு முன் டென்னிஸ் அல்லது ஷட்டில் ஆடியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். டென்னிஸ் ஆடியவர் பந்தைச் சுவருக்குப் போக விடாமல் முன்னாலேயே அடித்துவிடப் பார்ப்பார். ஷட்டில் ஆடியவர் வலைக்கருகே படுவேகம், ஆனால் ஓங்கி அடித்த பந்து எதிர்ச்சுவரில் பட்டு எதிராளிக்கு வாகாக எழும்பி நிற்கும். இரண்டு பேருக்கும் சுவரோடு பழகச் சில மாதங்கள் ஆகும். இந்தப் பதில்கள் இருந்தால் பதினாறு பேரை இரண்டு எட்டாகப் பிரிப்பது பத்து நிமிட வேலை.

"நாக் அவுட் இல்லாமல் அது என்ன போட்டி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் மருமகனும் அதில் ஒருவர். தொழில்முறைப் போட்டிகள் நாக் அவுட்டாகத்தான் நடக்கின்றன. அங்கே தோற்றவர் அடுத்த வாரம் வேறு ஊரில் ஆடுவார். ஆடுவதுதான் அவருக்கு வேலை. மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ பேடல் வளர்ந்து, தரவரிசை வந்து, தேர்வுப் போட்டி நடக்கும்போது நாக் அவுட் வைக்கட்டும், நானே போய் ஃபிக்சர் போட்டுத் தருகிறேன். நட்புமுறைப் போட்டியிலும் கடைசியில் ஒரு பரபரப்பு வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஏழு சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி, முதல் நான்கு பேரை ஒரு களத்தில் இறுதி ஆட்டம் ஆட விடுங்கள். அதே நேரத்தில் அடுத்த நான்கு பேரும் பக்கத்துக் களத்தில் ஆடட்டும். ரொக்கப் பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம். பணம் என்றதும் எங்கிருந்தோ இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்கள் வருவார்கள், பரிசை வாங்கிக்கொண்டு போவார்கள், அந்தக் களத்துக்கு அவர்கள் மறுபடி வர மாட்டார்கள். ஒரு டப்பா புதுப் பந்து, மட்டைக்கு ஒரு பிடி உறை, இவை போதும்.

களம் நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கட்டணம் வாங்கும் முன்பே, தேதி, நேரம், தொகைக்குப் பக்கத்தில், "ஒருவருக்குக் குறைந்தது இத்தனை ஆட்டம்" என்று எண்ணோடு எழுதுங்கள். எந்த முறையில் நடத்தப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு ஆட்டம்தான் உறுதி என்றால் ஒன்று என்றே போடுங்கள். அதைப் படித்துவிட்டு யார் வருவது, யார் வராமல் இருப்பது என்று மக்கள் தீர்மானித்துக்கொள்வார்கள். ஆட வருகிறவர்களும் பணம் கட்டும் முன் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். பொங்கல் விடுமுறைக்கான அறிவிப்புகள் இப்போதே வரத் தொடங்கியிருக்கின்றன. நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட அந்த எண் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மேடவாக்கம், சென்னை.